தூங்காத காவலாளி: ஒரு முன்னாள் படைவீரர் வேலையை இழந்த நிகழ்வு

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய திருவொற்றியூர்த் தெரு ஒன்றில் அவரை 'மிலிட்டரி அண்ணன்' என்று சொன்னால்தான் தெரியும். இங்கேயும் அந்தப் பெயரே இருக்கட்டும். நான் அவரைச் சந்தித்தபோது வயது 44. மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள். ராணுவத்தில் 18 வருடம் இருந்துவிட்டு 2016-இல் நாயக் என்ற பதவியில் வெளியே வந்தவர். அடுத்த வருடமே மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், தனியார் ஏஜென்சி மூலமாக இரவுக் காவல் வேலை. ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் டியூட்டியில் கண்ணயர்ந்து பார்த்ததில்லை என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள். 2023 பிப்ரவரியில் அந்த வேலை போனது. செப்டம்பரில் என்னிடம் வந்தார்.

நான் வடசென்னையில் மனநல சமூகப் பணியாளர். இதை எழுத அவரும் அவர் மனைவியும் சம்மதம் தந்தார்கள். ஆள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்த இரவு

அன்றைக்கு அவருக்குத் தொடர்ச்சியாக மூன்றாவது ஷிஃப்ட். மாற்று ஆள் வரவில்லை, பன்னிரண்டு மணி நேர டியூட்டியை முடித்த கையோடு அடுத்ததையும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். காலிப் பெட்டிகளை அடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் கேட். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டேக்கர் வண்டிக்காரர் ஒரு பெட்டியைக் கொஞ்சம் அவசரமாக இறக்கினால் போதும், இரும்பு அதிர்வது பக்கத்துத் தெரு வரை கேட்கும். அதெல்லாம் பழகிப்போன சத்தம் என்றார். ஆனால் அன்று மாலை யார்டுக்குப் பின்புறம் ஒரு சாவு ஊர்வலம் போயிருக்கிறது. வடசென்னைச் சாவு, வெடி இல்லாமலா? சரவெடி கால் மணி நேரம்.

இரவு இரண்டரை மணி. உள்ளே வரக் காத்திருந்த டிரெய்லர்களின் வரிசையில், எடை மேடையை ஒட்டித் தரையில் ஒரு பொருள். கறுப்பு பிளாஸ்டிக் கவர், அதன்மேல் ஒயர் சுற்றியிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தவர் அடுத்த நிமிஷம் கேட்டை இழுத்து மூடிவிட்டார். "எல்லாரும் படு!" என்று கத்தினார். லாரியிலிருந்து குதித்து அதை நோக்கி நடந்த கிளீனர் பையனைப் பிடித்துத் தள்ளி, அவன் மேலேயே விழுந்து மூடிக்கொண்டார். பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, முன்பல் ஒன்று உடைந்தது. டிரைவர்கள் ஹார்ன் அடிக்க அடிக்க நிலைமை இன்னும் மோசமானது. ஒன்றரை மணி நேரம் அந்தப் பொருளிடம் யாரையும் விடவில்லை. அதற்குள் வெளியே ரோட்டில் எவ்வளவு தூரம் வண்டி நின்றிருக்கும் என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அது ஒரு டிபன் கேரியர். கிளிப் உடைந்துபோனதால் யாரோ ஒரு டிரைவர் ஒயரால் கட்டி வைத்திருந்தது. உள்ளே எலுமிச்சை சாதம்.

காலையில் சூப்பர்வைசர் வந்தார். "அண்ணே, குடிச்சிருந்தீங்களா?" குடிக்கவில்லை. டியூட்டியில் அவர் குடித்ததே இல்லை. இருந்தும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார். "குடிச்சேன்னா அது தப்பு, மேடம். குடிக்காம அப்பிடிப் பண்ணேன்னா பைத்தியம். எது மேல்?" என்று பிற்பாடு என்னைக் கேட்டார். ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டார். சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. இந்தத் தாள் மறுபடி வரும்.

பட்டாளத்தில்

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சேப்பர்ஸில் 1998-இல் சேர்ந்தவர். பொறியாளர் படைப்பிரிவு. எலக்ட்ரீஷியன் டிரேட். 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பிறகு 'ஆபரேஷன் பராக்ரம்' என்ற பெயரில் மேற்கு எல்லையில் படைகள் குவிக்கப்பட்டன. எல்லை நெடுகக் கண்ணிவெடி புதைத்தார்கள். போர் வரவில்லை. 2002 கடைசியில் படைகள் திரும்பத் தொடங்கியபோது, புதைத்ததையெல்லாம் தோண்டியெடுக்கும் வேலை சேப்பர்கள் தலையில் விழுந்தது. நடக்காத போரில் கண்ணிகளுக்கே உயிரையும் கால்களையும் கொடுத்தவர்கள் பலர். மணல் நகரும், மழை அடிக்கும். வரைபடத்தில் இருக்கும் கண்ணி அந்த இடத்தில் இருக்காது. பக்கத்து வரிசையில் குனிந்திருந்த கூட்டாளியின் கால் போனதை அவர் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தார். அப்போது அவருக்கு 23 வயது.

பிறகு காஷ்மீரில் இரண்டரை வருடம். கான்வாய் புறப்படுவதற்கு முன்னால் விடியற்காலையில் ரோட்டை நடந்தே சோதிக்கும் பார்ட்டியில் இருந்தார். நேற்று இல்லாத எதுவெல்லாம் இன்று இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. கிளறிய மண், கல்வெர்ட்டுக்கு அடியில் ஒரு பால் கேன், ஓரத்தில் கிடக்கும் குக்கர். அந்தக் காலத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. பேசிய ஒரு வரியை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்: "ரோடு கிளியர்னு ரேடியோல சொன்னாதான் நமக்கு டியூட்டி முடியும், மேடம்."

வெளியே வரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் அவர் 'ஷேப் ஒன்', அதாவது முழுத் தகுதி. ராணுவத்தில் உடல்தகுதியை ஐந்து எழுத்துகளில் பிரித்து எழுதுவார்கள், முதல் எழுத்து மனநிலைக்கானது. அதில் குறை எழுதிவிட்டால் பெயர் கெடும், வெளியே வேலை கிடைக்காது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. டாக்டர் கேட்டிருக்கிறார், இவர் "ஒண்ணும் இல்ல சாப்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அடுத்த பதவியான ஹவில்தார் ஆகும் வாய்ப்பு இருந்தபோதே தானாகக் கேட்டு வெளியே வந்தவர் அவர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் எழுதியிருந்தார். அம்மா நன்றாகத்தான் இருந்தார் என்று அவர் மனைவி தனியாக என்னிடம் சொன்னார்.

வேலை மூடி வைத்தது

இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் (பி.டி.எஸ்.டி.) என்ற நோய் வந்ததால் வேலை போனது என்றுதான் கேஸ் ஃபைலின் முதல் பக்கத்தில் நானும் எழுதியிருந்தேன். பிறகு அதை அடித்துவிட்டேன். ஆறு வருடம் அந்த வேலைதான் நோயைக் கண்ணில் படாமல் வைத்திருந்தது.

ராத்திரி தூக்கம் வராதவனுக்கு இரவு டியூட்டி கொடுத்தால் அவன் நல்ல காவலாளி. சுவரில் முதுகைச் சாய்த்து வாசலைப் பார்த்தே உட்காருபவன், வண்டி நம்பரை மறக்காதவன், ஒரு நிழல் அசைந்தால் எழுந்து போய்ப் பார்ப்பவன், கூட்டத்தில் கலந்து அரட்டை அடிக்காதவன். அந்த நோயின் அடையாளங்களில் பாதி இதில் இருக்கின்றன. ஏஜென்சிக்கோ இதெல்லாம் தகுதி. இரண்டு முறை பாராட்டி ஷீல்டு கொடுத்திருக்கிறார்கள். பகலில் நாலு மணி நேரம் தூங்குவார், அது நைட் டியூட்டி பார்க்கிறவர்களுக்கெல்லாம் உள்ளதுதானே என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். எந்தக் குணத்துக்காக ஷீல்டு கொடுத்தார்களோ அதே குணத்துக்காகத்தான் கையெழுத்தும் வாங்கினார்கள்.

வேலை நின்ற பிறகு அந்த ராத்திரிகள் வீட்டுக்குள் வந்தன. சிலிண்டர் ரெகுலேட்டரை மூன்று முறை பார்ப்பார். மாடிப்படி வரை போய்த் திரும்புவார். பீரோவைத் தள்ளி ஜன்னலை மறைத்துவிட்டார். ஒரே அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு. லைட் எரிந்துகொண்டே இருக்க, மகள் படிக்கவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் கிடந்தாள். "வேலைக்குப் போறப்ப வெளியில காவல் காத்தாரு. இப்ப எங்களைக் காக்குறாரு" என்றார் மனைவி. அவர் அதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.

ஏழு மாதம்

பென்ஷன் வந்துகொண்டிருந்ததால் பட்டினி இல்லை. ஆனால் சம்பளமாக வந்த 17,000 ரூபாயில்தான் மகளின் படிப்பும் சீட்டும் ஓடிக்கொண்டிருந்தன. மனைவி மாவு அரைத்து விற்கத் தொடங்கினார்.

முதலில் உதவிக்கு வந்தது மிலிட்டரி கேன்டீனில் சந்தித்த பழைய கூட்டாளி. "நம்ம ஆளுக்கு வேலையா இல்ல?" என்று ஒரு வாரத்தில் வேறொரு இடத்தில் சேர்த்துவிட்டார். அதுவும் செக்யூரிட்டி வேலை, அடுக்குமாடிக் குடியிருப்பில். பதினோரு நாள் தாங்கியது. அடுத்து தர்காவில் கயிறு. அடுத்து பக்கத்து கிளினிக்கில் தூக்கத்துக்கு அல்பிரசோலம் மாத்திரை. அதோடு கேன்டீன் கோட்டா ரம். இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தனியாகப் பார்த்தாலும் அந்த மாத்திரை இந்த நோய்க்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. பழக்கமாகிவிடும், அடியில் இருப்பது அப்படியே இருக்கும்.

உதவி வந்த வழி யாரும் எதிர்பார்க்காதது. மகளின் பள்ளியில் 14416 என்ற எண்ணை ஒட்டியிருந்தார்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' தொலைபேசி மனநல சேவை, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அவள் ஒரு ராத்திரி மொட்டை மாடியிலிருந்து கூப்பிட்டு, பரீட்சை பயமாக இருக்கிறது என்று ஆரம்பித்தாள். இருபது நிமிஷம் கழித்துத்தான் அப்பா என்ற வார்த்தையே வந்திருக்கிறது. பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் காலையில் போய் ஓ.பி. சீட்டு போடச் சொன்னார்கள்.

ஸ்டான்லி என்றதால்தான் அவர் போனார். 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இதே நகரத்தில் இருக்கிறது, அயனாவரத்தை ஒட்டி, நல்ல டாக்டர்களோடு. ஆனால் சென்னைக்காரர்கள் வாயில் 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல் என்னவாகிவிட்டது என்பது தெரிந்ததே. ஸ்டான்லிக்குக் கால் உடைந்தவனும் போகிறான், காய்ச்சல்காரனும் போகிறான். யாரும் எதற்கென்று கேட்க மாட்டார்கள்.

மதிப்பீடு

முதல் சந்திப்பில் நான் ஒரு தப்பு செய்தேன். ராணுவம் என்று சீட்டில் பார்த்ததும் காஷ்மீரில் என்ன நடந்தது என்று நேரடியாகக் கேட்டுவிட்டேன். மரியாதையாக எழுந்து நின்று, "வரேன் மேடம்" என்று போனவர் மூன்று வாரம் வரவில்லை. மனைவிதான் திரும்ப அழைத்து வந்தார். இரண்டாவது முறை தூக்கத்தைப் பற்றி மட்டும் பேசினோம். எத்தனை மணிக்குப் படுக்கிறார், எத்தனை மணிக்கு எழுகிறார், கனவில் யார் வருகிறார்கள். கனவில் ஆள் யாரும் வருவதில்லையாம். வெறும் மணல்.

இந்த நோயை அளக்க இருபது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மதிப்பெண், மொத்தம் 80. கூடக்கூட நோய் கடுமை. முதலில் 38 வந்தது. எனக்குச் சந்தேகம். அளவுக்கு மீறி எச்சரிக்கையாக இருப்பது உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு என்ற கேள்விக்குப் பூஜ்யம் போட்டிருந்தார். "தொந்தரவா? அதானே டியூட்டி!" திடுக்கிடுவதற்கும் அப்படியே. சரி, இந்தக் கேள்விகளை அக்காவிடமும், அதாவது அவர் மனைவியிடமும், கேட்கலாமா என்று அனுமதி வாங்கிக் கேட்டேன். இருவரையும் வைத்துத் திரும்பப் போட்டபோது 51. படைவீரர்களிடம் இந்தப் பட்டியலைத் தனியாக நிரப்பச் சொல்வதை அன்றோடு விட்டுவிட்டேன்.

மனநல மருத்துவர் நோயை உறுதி செய்தார். இந்த நோய்க்கான செர்ட்ராலின் மாத்திரையைத் தொடங்கி, அல்பிரசோலத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். ரம் விஷயத்தில் சண்டை, சமாதானம், மறுபடி சண்டை என்று ஒரு மாதம் போனது. கோட்டாவை வாங்காமலே இருக்க அவராக ஒப்புக்கொண்டது டிசம்பரில்.

சுரங்கத்தில் ஒரு ஸ்டேஷன்

பயப்படும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழகுவது இந்தச் சிகிச்சையின் நடுநாயகமான பகுதி. அதற்கு எங்களுக்குக் கிடைத்தது மெட்ரோ ரயில். விம்கோ நகரிலிருந்து புது வண்ணாரப்பேட்டை வரை வண்டி மேம்பாலத்தில் போகும், அதற்கப்புறம் தரைக்குள் இறங்கிவிடும். அவர் ஒரே ஒரு முறை ஏறி, புது வண்ணாரப்பேட்டையில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தவர். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத இடத்தில், முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கும் பெட்டியில், தன்னால் மூச்சுவிட முடியாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

ஜனவரியில் ஆரம்பித்தோம். முதல் வாரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து நாலு வண்டியை விட்டுவிட்டு வருவது. அடுத்து புது வண்ணாரப்பேட்டையிலிருந்து தண்டையார்பேட்டை வரை, ஒரே ஸ்டேஷன். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. கைப்பிடியை அவர் பிடித்திருந்த பிடியில் விரல்நுனிகள் வெளுத்துப்போயிருந்தன. பதற்றம் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் "பன்னெண்டு" என்றார். அதே ஒரு ஸ்டேஷனை அந்த வாரம் ஒன்பது முறை போய்வந்தோம். ஏழாவது முறையில் எதிரே இருந்த குழந்தை ஒன்று அவர் மீசையைப் பார்த்துக்கொண்டே இருந்தது, அவர் பதிலுக்கு முறைத்தார். அப்போது கேட்டேன். "ஆறு" என்றார். மார்ச்சில் உயர்நீதிமன்றம். மே மாதம் சைதாப்பேட்டை தாண்டி வண்டி வெளியே வந்து வெயில் அடித்தபோது, வாட்சைப் பார்த்து எத்தனை நிமிஷம் என்று சொன்னார். இடையில் இரண்டு முறை பாதியில் இறங்கி ஓடியதும் உண்டு.

தாள்கள்

பரங்கிமலைப் பக்கம் இருக்கும் ராணுவ மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்ததால்தான் அந்த ரயில் அவ்வளவு முக்கியமாயிற்று. முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003-இலிருந்து இருக்கிறது. கார்டு அவரிடம் இருந்தது, சர்க்கரை பார்க்க மட்டும் பாலிகிளினிக் போவார். அங்கே சொன்னால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. இயலாமை பென்ஷன் கேட்பதென்றால் ராணுவ டாக்டரின் பதிவு கைவசம் இருப்பது நல்லது.

அந்த பென்ஷன் எளிதல்ல, அதை அவரிடம் மறைக்கவில்லை. சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் பணியில் வந்த நோயைப் பணியோடு தொடர்புள்ளதாகவே கொள்ள வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்சநீதிமன்றம் சொன்னது பெரிய உதவி. ஆனால் அது நோயால் வெளியே அனுப்பப்பட்டவரின் வழக்கு. இவரோ 'ஷேப் ஒன்' என்று கையெழுத்துப் போட்டுத் தானாக வந்தவர். நோய் தாமதமாக வெளிப்பட்டது என்று நிரூபிக்க வேண்டும். விண்ணப்பம் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போயிருக்கிறது. மறுத்தால் சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது.

ராஜினாமாத் தாளுக்கு வருவோம். யார்டில் அவருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் இருந்தது. சம்பளம் 21,000-க்குள் என்பதால் பிடித்தார்கள். பட்டாளத்துக் கார்டு இருக்கும்போது இது எதற்கென்று அவர் அதைத் தொட்டதே இல்லை. அந்த இரவுக்கு முன்னால் ஒரு முறை இ.எஸ்.ஐ. டாக்டரிடம் போய் லீவுக்குச் சீட்டு வாங்கியிருந்தால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீத சம்பளம் கிடைத்திருக்கும். அதைப் பெறும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு அனுப்பக்கூடாது என்று அப்போதிருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொன்னது. சரி, வேலை போன பிறகாவது? வேலையிழந்தவருக்கு 90 நாள் வரை பாதிச் சம்பளம் தரும் அடல் பீமித் திட்டம் இ.எஸ்.ஐ.யிலேயே இருந்தது. தானாக விலகியவருக்கு அது கிடையாது. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் கிடையாது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் நஷ்டம், குடித்தேன் என்று ஒப்புக்கொண்டாலும் நஷ்டம். அவர் அன்று காலை இரண்டையும் செய்திருந்தார். தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாமா என்று கேட்டேன். "அந்தப் பையனுக்குப் பல்லு போச்சு மேடம்" என்று முடித்துக்கொண்டார். பிடித்து வைத்திருந்த ஒரு மாதச் சம்பளத்துக்கு மட்டும் கடிதம் எழுதினோம், வந்தது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் ஒப்பவில்லை. மனநோயும் 2016 சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது என்று விளக்கினேன். மனைவி வாங்கலாம் என்கிறார், அவர் கார்டு என்றாலே முகம் திருப்புகிறார். அது அப்படியே நிற்கிறது.

டிஸ்சார்ஜ் புக்

வேலை தேடும்போது மறுபடி எல்லோரும் செக்யூரிட்டி என்றே ஆரம்பித்தார்கள். முன்னாள் ராணுவத்தினர் என்றால் கேட்டில் நிற்கத்தான் என்று நம் ஊரில் முடிவாகிவிட்டது. காக்கிச் சட்டை போட்ட தாத்தாவை ஒவ்வொரு ஏ.டி.எம். வாசலிலும் பார்த்துப் பழகியதன் விளைவோ என்னவோ. நான் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கைக் கேட்டேன். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தது. டிரேட் என்ற இடத்தில் எலக்ட்ரீஷியன் என்று இருக்கிறது. யாரும், அவரும்தான், அந்த வரியை ஏழு வருடமாகப் பார்க்கவில்லை.

2024 ஜூலையில் மாதவரம் பக்கம் ஒரு குடியிருப்பில் பராமரிப்பு எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தார். காலை எட்டு முதல் ஐந்து வரை. சம்பளம் 14,000. நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். அரசு வேலையில் இருப்பவரை இயலாமையைக் காட்டி வெளியேற்ற முடியாது, தனியார் ஒப்பந்த வேலையில் அந்தக் கவசம் இல்லை. இரண்டே நிபந்தனை கேட்டார்: நைட் டியூட்டி கிடையாது, மாதம் ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரி. அசோசியேஷன் செயலாளர் ஏன் என்று கேட்கவில்லை, பாதி மோட்டார் ஓடாமல் கிடந்தது அவருக்கு. ஜெனரேட்டர் சத்தம் ஒத்துக்கொள்ளுமா என்று நான் கவலைப்பட்டேன். அதை ஆன் செய்வது அவர் கை என்பதால் ஒன்றும் ஆகவில்லை. அக்டோபரில் பட்டியலில் 29.

2023 தீபாவளியை மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டிக்கும் பீச்சுக்கும் போய்வந்தே கழித்தவர், 2024 தீபாவளியன்று ஓவர்டைம் கேட்டு வாங்கியிருந்தார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. ராத்திரி எட்டே முக்காலுக்கு போன் வந்தது. பின்னால் ராக்கெட் சீறும் சத்தம்.

"பேனல் ரூம்ல இருக்கேன், மேடம். மணல் வாளி எட்டு வச்சிருக்கேன், ஃப்ளோருக்கு ஒண்ணு."

"எப்படி இருக்கு அண்ணா? பத்துக்கு எத்தனை?"

"அதை விடுங்க. ஏழுலேர்ந்து எட்டு வரைக்கும்தான வெடிக்கணும்னு கவர்ன்மென்ட் ரூல்? இப்ப மணி எட்டு நாப்பத்தி நாலு. எந்தெந்த ஃப்ளாட்டுன்னு நோட்ல எழுதி வச்சிருக்கேன்."